கொட்டில்லாமல் போன முளைப்பாரி

பழங்காநத்தத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு எதற்கும் பிளெக்ஸ் பேனர் வைத்தாக வேண்டும். காதுகுத்துக்கு வைப்பார்கள்; புது ஆட்டோ வாங்கினால் வைப்பார்கள்; ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் நலமாகத் திரும்பினாலும் வைப்பார்கள். அமெரிக்காவில் வணிக மேலாண்மை படிப்பதற்கு நான் முதல்முறை விண்ணப்பித்த ஆண்டில் எனக்கும் ஒன்று வைத்தார்கள். அப்போது எனக்கு இடம் கிடைத்திருக்கவில்லை. நேர்காணலுக்கு அழைப்பு மட்டுமே வந்திருந்தது. அதை என் தாய்மாமனிடம் விளக்க முயன்றேன்.

"கூப்பிட்டாய்ங்கன்னா எடுத்துட்டாய்ங்கன்னுதான அர்த்தம்? ஜாதகம் பொருந்தாமலா ஒருத்தன் பொண்ணு பாக்க வாரான்?" என்றார் மாமா.

மறுநாள் காலையில் தெருமுனையில், பட்டமளிப்பு விழா அங்கியுடன், வீட்டுக் கூரை உயரத்துக்கு நான் நின்றுகொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே 'அமெரிக்கா செல்லும் எங்கள் குலக்கொழுந்தே!' என்றும், காலடியில் 'வாழ்த்தி வழியனுப்பும் தாய்மாமன்மார்கள்' என்றும் அச்சிட்டிருந்தது. எனக்குப் பின்னால் ஒரு விமானம் இருந்தது. ஏனென்று இன்றுவரை தெரியவில்லை, ஒரு சிங்கமும் இருந்தது.

இடம் கிடைக்கவில்லை. பேனரைக் கழற்றியவர் தெருமுனை டீக்கடைக்காரர். அவர் கடைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்ததால் அதன்மேல் விரித்துக் கட்டிக்கொண்டார். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படவேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டபடி, அச்சடித்த பக்கத்தை உள்புறமாக வைத்தார். அந்த நல்ல மனதின் பலனாக, கடைக்குள் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள் அண்ணாந்தால் நான் தெரிந்தேன். எனக்குப் பக்கத்தில் சிங்கமும் தெரிந்தது.

அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கிறேன் என்றபோது அம்மா மறுக்கவில்லை. வாசலைத் தாண்டி ஒரு சொல் போகக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

"முளைப்பாரியப் பொத்தி வெச்சுத்தான வளக்குறோம்? தெனமும் கதவத் தெறந்து காட்டிக்கிட்டா இருக்கோம்? சொன்னா கண்ணு பட்டுப் போயிரும். மொளச்சு வந்தப்பெறகு ஊரு பாக்கட்டும்."

எங்கள் தெரு அம்மனுக்கு ஐப்பசியில்தான் பொங்கல். அதற்கு முன்பே பெண்கள் மண்சட்டிகளில் பயறு விதைத்து, வெளிச்சம் புகாத ஓர் அறையில் வைத்து, தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். இருட்டில் வளர்வதால் பயிர் பச்சை பிடிக்காமல் வெளிர்மஞ்சளாக, நெடுநெடுவென்று எழும். நீர் தெளிப்பவர்களைத் தவிர வேறு யாரும் அந்த அறைக்குள் போகமாட்டார்கள். பொங்கலன்று மாலை அந்தச் சட்டிகளைத் தலையில் ஏந்தி, கொட்டும் குலவையுமாகக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அம்மா ஆண்டுதோறும் ஒரு சட்டி போடுவாள். அந்த ஆண்டு அவள் இரண்டு பயிர்களைப் பொத்தி வளர்த்தாள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நான் படித்தது வரலாறு. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு வணிக மேலாண்மைக்கு விண்ணப்பிக்கிறேன் என்பது எங்கள் ஊரில் கேட்டவர்களுக்கு விநோதமாக இருந்தது. பைபாஸ் சாலையில் ஒரு மாடியில் நுழைவுத்தேர்வுப் பயிற்சி நடந்தது. அங்கே என்னைத் தவிர எல்லோரும் பொறியியல் படித்த பையன்கள்.

"நீங்க என்ன பிராஞ்ச்க்கா?" என்று கேட்டான் பக்கத்தில் உட்கார்ந்தவன்.

"வரலாறு."

"அசோகர் மரம் நட்டாருங்கிறத வெச்சு பிசினஸ் ஸ்கூல்ல என்னக்கா பண்ணப் போறீங்க?"

"ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் எம்புட்டு எடைவெளின்னு கணக்குப் போடத் தெரியல தம்பி. அதான் இங்க வந்திருக்கேன்."

அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவர்களே எனக்கு விகிதமும் நிகழ்தகவும் சொல்லிக்கொடுத்தார்கள். அதோடு, நேர்காணலில் எப்படிப் பேசவேண்டும் என்பதையும் கற்றுக்கொடுத்தார்கள். முதல் ஆண்டில், சென்னையில் நேரில் நடந்த நேர்காணலில், அவர்கள் பேசுவதைப் போலவே பேசினேன். 'திறன்', 'அளவீடு', 'மேம்படுத்துதல்' என்று அடுக்கிக்கொண்டே போனேன். எதிரே இருந்தவர் மிகுந்த மரியாதையுடன் தலையசைத்துக்கொண்டிருந்தார். அந்த மரியாதையிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

என் வேலை திருமங்கலத்தில். கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் வாங்கி அனுப்பும் ஒரு சிறிய நிறுவனத்தில், லாரிகளை அனுப்புவதும் விவசாயிகளிடம் பேசுவதும் என் பொறுப்பு. இரண்டாம் ஆண்டில் அதைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. ஆனால் அதைப் பேசிப் பழக வீட்டில் இடமில்லை. சன்னலுக்கு வெளியே தெரு. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தன் பழைய மொபெட்டில் என்னைக் கீழக்குயில்குடிக்கு அழைத்துப்போவார். மலையடிவாரத்துத் தாமரைக் குளத்தின் கரையில், ஆலமரத்து வேரில் அவர் உட்கார, நான் எதிரே நின்று ஆங்கிலத்தில் பேசுவேன்.

அப்பா பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். திருமங்கலத்துக்கு அப்பால், அடுத்தவர் நிலத்தில் களையெடுத்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கைக்கடிகாரம் கட்டியவர் அவர்தான். ஒரு வண்டி ஒரு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டாலும் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று அவருடன் வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் அவர் எனக்கு நேரம் பார்த்தார்.

"ரெண்டு நிமிசம் ஆச்சு. நிறுத்து."

"இன்னும் முடியலப்பா."

"முடியலன்னா என்ன? பின்னால வண்டி நிக்கிதுல்ல?"

ஒருநாள், பையன்கள் கற்றுக்கொடுத்த பதிலை ஒருமுறையும் என் சொந்தப் பதிலை ஒருமுறையும் சொன்னேன். முதல் பதிலுக்கு அப்பா குளத்தில் நீர்க்கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் பாதியில் திரும்பினார்.

"திருமங்கலம்னு சொன்னியே, லாரின்னும் சொன்ன. அங்க என்னாச்சு?"

லாரி தாமதமானால் ஓட்டுநர் ஒரு கதை சொல்வார், தரகர் ஒரு கதை, விவசாயி ஒரு கதை, எங்கள் கிடங்குக்காரர் ஒரு கதை. நான்கையும் கேட்டு, உண்மையில் நடந்தது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை, வரலாறு படித்தது அதற்குத்தான் உதவியது என்று தமிழில் சொன்னேன்.

"அப்ப ஏன் லேட்டாச்சு?" என்று கேட்டார். அவருக்கு அதுதான் முக்கியம்.

"டிரைவரு மகளுக்குப் பரிச்சை. பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்தாராம்."

"அதுக்கு மெமோ குடுக்க முடியாது," என்றார் அப்பா, வெகுநேரம் யோசித்துவிட்டு.

இம்முறை நேர்காணல் கணினி வழியாக. பல வாரங்களுக்கு முன்பே நேரத்தை முடிவுசெய்துகொள்ளச் சொன்னார்கள். அவர்கள் ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. அப்பா விரல்விட்டு எண்ணினார். "நம்ம ஒம்பதரை மணி நேரம் முன்னால ஓடுறோம். அப்ப நமக்கு சாயங்காலம் ஆறு." நான் கைபேசியில் பார்த்தேன், அதுவும் ஆறு என்றே சொன்னது.

அந்தச் செவ்வாய்தான் முளைப்பாரி. நேர்காணல் தேதியை மாற்ற இடமில்லை என்று பதில் வந்தது. எங்கள் சன்னலுக்கு நேரே மின்கம்பத்தில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தார்கள். அம்மா விழாக் கமிட்டித் தலைவரைப் பார்க்கப் போனாள். அவர் வேறு யாருமில்லை. என் பேனருக்கு அடியில் டீ ஆற்றுகிறவர்தான். மகளுக்கு ஆபீஸ் மீட்டிங், ஆறிலிருந்து ஏழுவரை பாட்டு வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். ஏழு மணிக்குத்தானே முளைப்பாரி கிளம்பப் போகிறது என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

சொன்னபடி ஆறு மணிக்கு ஒலிபெருக்கி நின்றது. மழை மேகத்தோடு கூடிய மாலை. வாடகைக்கு எடுத்த கறுப்புக் கோட்டை அணிந்து, தலைவாரி, கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கதவுக்கு வெளியே அப்பா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். திரையில் யாரும் வரவில்லை.

கால் மணி நேரம் போயிற்று. அப்பா கதவை மெல்லத் திறந்தார்.

"அமெரிக்காக்காரனா இருந்தாலும் லேட்டு லேட்டுதான்," என்றார் கடுமையாக. "நீ ஒண்ணும் சொல்லாத. ஆனா முகத்துல காட்டிரு."

இரண்டாம் முறையும் போயிற்று என்று நினைத்தேன். வேறெதுவும் செய்யத் தோன்றாமல், அந்த ஊரில் இப்போது மணி என்ன என்று கைபேசியில் பார்த்தேன். எட்டே முக்கால் ஆகியிருக்கவேண்டும். ஏழே முக்கால் என்று காட்டியது. குளிர்காலம் வருகிறதென்று, அந்த வார ஞாயிறன்றுதான் அந்த நாட்டில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நான் எங்கோ படித்திருக்கிறேன். ஆனால் பிறந்ததிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடும் கடிகாரத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அது தன் வாழ்க்கையில் குறுக்கிடும் என்று தோன்றவில்லை.

"கடிகாரத்தையே திருப்பி வெப்பாய்ங்களா?" என்றார் அப்பா. "யாரு, கவர்மெண்டா?"

"ஆமாப்பா. நாடு முழுக்க."

"அப்ப அந்த ஒரு மணி நேரம் ரெண்டு தடவ வருமே. அன்னைக்கு பஸ்ஸெல்லாம் என்ன செய்யும்?"

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

நேர்காணல் தவறிவிடவில்லை, ஏழு மணிக்கு. முளைப்பாரி கிளம்புவதும் ஏழு மணிக்கு. பஸ் டிப்போ ஆபீசுக்குப் போய்விடலாமா என்று கேட்ட அப்பாவே, அங்கே ஏர் ஹாரன் ஓயாது என்று தலையை ஆட்டிக்கொண்டார். கேபிள் வழி இணைய இணைப்பு தெருவில் எங்கள் வீட்டில் மட்டுமே இருந்தது. மேகம் கூடினால் கைபேசியை நம்ப முடியாது. மஞ்சள் புடவை உடுத்தி, தலையில் சட்டி வைப்பதற்கான சும்மாட்டுத் துணியோடு புறப்படத் தயாராக இருந்த அம்மா தெருவில் இறங்கினாள். சன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"ஆறு டூ ஏழு கேட்டீக, மதினி. பாட்ட நிப்பாட்டிட்டு உக்காந்திருக்கோம்," என்றார் டீக்கடைக்காரர். "இப்ப ஏழு டூ எட்டுங்கிறீக. சாமி என்ன ஷேர் ஆட்டோவா, ஆளு வரட்டும்னு நிக்க?"

"மீட்டிங் தள்ளிப் போச்சு தம்பி."

"நாளைக்கு வெக்கச் சொல்லுங்க. எட்டு மணிக்குள்ள நம்ம மெயின் ரோட்டத் தாண்டணும். போலீஸ் பெர்மிசன் அம்புட்டுத்தான்."

தெருவில் சட்டியோடு காத்திருந்த பெண்களும், கொட்டுக்காரர்களும், ஒலிபெருக்கி போடும் இளைஞனும் அவளையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"ஆபீஸ் மீட்டிங் இல்ல தம்பி. எம்மக மறுக்கா அமெரிக்காவுக்கு எழுதியிருக்கா. அந்த இன்டர்வியூ."

"போன வருசம் பேனர் வெச்சமே, அதா?" என்றான் ஒலிபெருக்கிக்காரன்.

"அதேதான்."

"டீக்கடைல மேல இருக்கே, அதுவா?"

யாரோ சிரித்தார்கள். "வாய மூடுங்கடா" என்று ஒரு குரல் அதட்டியது. கும்மிக்குப் பாட்டு எடுத்துக்கொடுக்கும் எதிர்வீட்டுச் சித்தி. நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்குள் கேட்காமல் வந்து போகிறவள். அவள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "எங்ககிட்டயே மறச்சியாக்கா? நாங்க என்ன கண்ணு வெச்சிருவமா?"

"ஒங்க கண்ணு இல்லடி," என்றாள் அம்மா. "கெடைக்கலன்னா மறுக்கா ஒங்க மொகத்தப் பாக்கணும்ல. எம்மக பாக்க வேணாம்னுதான்."

பொத்தி வளர்ப்பதற்கு அவள் எனக்குச் சொன்ன காரணம் வேறு. நான் கணினியின் முன்னால் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நேரத்துக்குக் கெளம்புவோம்," என்றாள் சித்தி கடைசியில். "கொட்டு வேணாம். பாட்டு வேணாம். நம்ம தெரு தாண்டுற வரைக்கும் சத்தமில்லாமப் போவோம்."

"கொட்டு இல்லாம சாமி எப்பிடித்தா வரும்?" என்றார் மூத்த கொட்டுக்காரர்.

"நடந்து வரும்."

ஏழு மணிக்குத் திரையில் ஒரு முகம் தோன்றியது. என் அம்மா வயதிருக்கும் ஒரு பெண்மணி, கையில் காப்பிக் கோப்பையுடன் வணக்கம் சொன்னார். வரலாறு படித்த ஒருவர் இதற்கு ஏன் வருகிறார் என்று, எல்லோரும் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார். நான் திருமங்கலத்து லாரியிலிருந்து தொடங்கினேன்.

நான்கு பேரின் நான்கு கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சன்னலுக்கு வெளியே எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் அந்த வெளிர்மஞ்சள் பயிர்கள் நகர்ந்து வந்தன. சுமக்கிறவர்களைச் சுவர் மறைத்திருந்தது. பயிர்களின் நுனிகள் மட்டும், தெருவிளக்கின் ஒளியில், ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து அசைந்து போயின. ஒரு கொலுசுச் சத்தம். ஒரு குழந்தை ஏதோ கேட்கத் தொடங்க, அதன் வாயைப் பொத்தும் சத்தம். அதில் எது அம்மாவின் சட்டி என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் வாக்கியம் பாதியில் நின்றுபோயிருந்தது.

"எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார் அந்த அம்மையார்.

"சரியாக இருக்கிறது," என்றேன். விட்ட இடத்திலிருந்து, ஓட்டுநரின் மகளின் தேர்வுவரை சொல்லி முடித்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அந்தப் பெண் தேறினாளா என்று கேட்டார். தேறினாள் என்றேன். அதன்பிறகு நாங்கள் இரண்டு பேர் பேசிக்கொள்வதைப் போலவே பேசினோம்.

விடைபெறும்போது அவர் சொன்னார்: "இந்தியாவிலிருந்து பேசுகிறவர்களின் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் மிகவும் அமைதியான இடத்தில் வசிக்கிறீர்கள்."

"ஆமாம்," என்றேன்.

கணினியை மூடியபோது, மெயின் ரோட்டுக்கு அப்பால் எல்லாக் கொட்டுகளும் ஒரே நேரத்தில் முழங்கின. அடக்கிவைத்த குலவை அதன்மேல் எழுந்தது. அப்பாவும் நானும் கோட்டோடும் செருப்போடும் ஓடினோம். கோயிலை அடைவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அதன்பின் அம்மா அஞ்சியது அப்படியே நடந்தது. காய்கறிக்காரரிலிருந்து கோயில் பூசாரிவரை என்னை மறித்துக் கேட்டார்கள். "வந்துருச்சா?" "இன்னும் இல்லண்ணே." "வரும்த்தா. கொட்ட நிப்பாட்டியிருக்கோம்ல, வராம எங்க போகும்?" அந்த உரிமை எனக்குக் கனமாக இருந்தது. இப்போது நினைத்தால், அப்படி என்னை மறித்துக் கேட்க ஒரு தெரு இருந்த அந்த வாரங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

மார்கழியில் ஒரு காலை, இடம் கிடைத்ததாகச் செய்தி வந்தது. அம்மா குழாயடியில் இருந்தாள். சொன்னதும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். முதலில் சித்தியிடம் சொல்லவேண்டும் என்று நினைத்திருப்பாள் போலும். சொன்னால் போய்விடும் என்றாயே, சொல்லியும் கிடைத்திருக்கிறதே என்று பிறகு அவளைக் கேட்டேன்.

"அன்னைக்கு சாமியே சத்தம் போடாமல்ல போச்சு? எந்தக் கண்ணுக்குத் தெரியும்?" என்றாள், விட்டுக்கொடுக்காமல்.

மாமா புதுப் பேனருக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பினார். டீக்கடைக்காரர் தடுத்துவிட்டார். "எதுக்கு மாப்ள புதுசு? 'செல்லும்'னுதான போட்டிருக்கு. பழசயே திருப்பிப் போட்டுருவோம்." கூரையில் ஏறி அதை அவிழ்த்து, அச்சடித்த பக்கம் வெளியே தெரியும்படி கட்டினார். டீப் புகையில் என் முகம் பழுப்பேறியிருந்தது. சிங்கம் கருஞ்சிறுத்தை ஆகியிருந்தது.

நான் அங்கே போன முதல் இலையுதிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை அப்பா அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. "இன்னைக்குக் கடிகாரத்தத் திருப்பி வெப்பாய்ங்க. மறந்துராத," என்றார். கைபேசியில் தானாக மாறிவிடும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அவருக்காக ஒரு செய்தியை விசாரித்து வைத்திருந்தேன். கடிகாரம் திரும்பும்போது ஓடிக்கொண்டிருக்கும் நெடுந்தூர ரயில்கள், நேரத்துக்கு முன்னால் போய்விடாமலிருக்க, வழியில் ஏதாவதொரு நிலையத்தில் அந்த ஒரு மணி நேரமும் சும்மா நிற்குமாம்.

"அப்ப அவிங்களும் நிப்பாட்டத்தான் செய்றாய்ங்க," என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த நிம்மதி இப்போதும் என் காதில் இருக்கிறது.

நான் ஊர் திரும்பி, திருமங்கலத்துக்கே வேலைக்குப் போகத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் முன்னறையில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் உண்டு. ஒன்று எங்கள் நேரம். இன்னொன்று அமெரிக்க நேரம்; நான் அங்கே போனபோது அப்பா வாங்கி மாட்டியது. ஆண்டுக்கு இருமுறை, முக்காலியில் ஏறி அதைத் திருப்பி வைப்பார். இந்த ஐப்பசியிலும் ஏறினார். விழாமல் பிடித்துக்கொண்டு நின்ற நான், "நான்தான் இங்கயே இருக்கேனேப்பா," என்றேன்.

"நீ இங்க இருக்க," என்றார், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடிகாரம் அங்கல்ல இருக்கு."

தெருவில் யாரோ ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.